குவைத்திலிருந்து வந்த பெயர்

கதை யட்டவத்தைப் பக்கமிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்த நூருன்னிஸா, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டேதான் அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள்.

“நான் செல்லல்ல, நஸ்மியா. முட்டை யாவாரி ஹுஸ்னிட பொஞ்சாதி செல்றா. அவளும் செல்லல்லயாம். யட்டவத்தயில ஒரு கலியாண ஊட்ல பொம்புளயள் கதைச்சாங்களாம், அவட காதுல உழுந்திச்சாம்.”

“என்ன கதைச்சாங்களாம் மதினி?”

நூருன்னிஸா வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“ஒனக்குக் குவைத்துல ஒரு பொம்புளப் புள்ள ஈக்காம். நீ வேல செஞ்ச ஊட்டு அரபிக்குப் பொறந்ததாம். அதுட பேரும் ரகத்தாம். அந்தப் பேரத்தான் இங்க வந்து நம்மட புள்ளக்கும் வெச்சியாம்.”

நஸ்மியாவின் கை இடியப்ப உரலை அழுத்தியபடியே இருந்தது. கண்டி ரோட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு அன்றைய இடியப்பம் போயாக வேண்டும். மாவு தட்டில் வட்டமாக விழாமல் ஒரு பக்கமாகக் குவிந்தது.

“என்ட தம்பிட வாயிலிருந்து வந்தீந்தாலும் வந்தீக்கும்,” என்றாள் நூருன்னிஸா. “நான் அவனுக்காகக் கதைக்க வரல்ல.”

அவளுடைய தம்பி யஹ்யாதான் நஸ்மியாவின் கணவனாக இருந்தவன். இப்போது யட்டவத்தையில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான்; நூருன்னிஸா நஸ்மியாவோடு இந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். கட்டியவளை விட்டுப் போனதற்கு ஊருக்குச் சொல்ல அவனுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

“நம்மட ரகத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் நஸ்மியா.

“தம்புள்ளயில ஈக்கிற புள்ளக்கு யாரு செல்லப் போற? ஆனா எல்லார்ட கையிலயும் போன் ஈக்கே. ஞாயித்துக்கெழம பக்கத்தூட்டு ஸஹ்னாட புள்ளக்குப் பேரு வெக்கிற ஏழாம் நாளுக்கு எப்புடியும் வருவா. முந்தி நீயே கூப்புட்டு வெச்சிச் செல்லு. உம்மாட வாயால கேட்டா ஒரு மாதிரி, ஊராக்கள்ட வாயால கேட்டா வேற மாதிரி.”

அது நஸ்மியாவுக்கும் தெரிந்ததுதான். எதைச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. முழுப் பொய்யாக இருந்தால் தெருவில் இறங்கி நின்று ஹுஸ்னியின் பெண்டாட்டியிலிருந்து யட்டவத்தைக் கலியாண வீடுவரை ஒருத்தியையும் விடாமல் கேட்டிருப்பாள். இது பாதிப் பொய். அவள் குவைத்தில் பிள்ளை பெறவில்லை. ஆனால் குவைத்தில் ஒரு ரகத் இருந்தாள். அந்தப் பாதியை வெளியே சொல்லாமல் இந்தப் பாதியை மறுக்க வழியில்லை. மறைத்த பாதியோ மகளைப் பற்றியது.

*

யஹ்யாவைக் கட்டி மூன்று வருஷமாகியும் வயிறு திறக்காமலிருந்த காலத்தில்தான் நஸ்மியா முதல் தடவை குவைத்துக்குப் போனாள். யஹ்யா மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடையில் நிறுவை பார்த்துக்கொண்டிருந்தான். உக்குவளை ஸ்டேஷனுக்குப் பின்னால் பாதி எழும்பிய சுவர்களோடு நின்ற வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. பெண்கள் போவதும் வருவதுமாக இருந்த காலம்; அவளும் போனாள்.

அவள் போய் இறங்கிய கிழமையே அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழித்துத் தாய்க்காரி தன் ஆபீசுக்குப் போய்விட்டாள். குழந்தை நஸ்மியாவின் கைக்கு வந்தது. பாலும் குளிப்பாட்டலும் தூக்கமும் காய்ச்சலும் எல்லாம் அவள் கையில்தான். மற்றவர்கள் அந்தக் குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள். திருப்பி வாங்குகிறவள் அவள்.

அந்தப் பெயர் முதலில் அவள் வாய்க்கு வரவில்லை. நடு எழுத்து நம் ‘க’ அல்ல. தொண்டைக்கு அடியில், தண்ணீர் கொப்பளிக்கும்போது கரகரக்குமே, அந்த இடத்திலிருந்து வர வேண்டும். வீட்டுக்காரி அவளை நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள், சிரித்தாள், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள். நஸ்மியா விடவில்லை. குசினியில் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அண்ணாந்து அந்தச் சத்தத்தைத் தேடினாள். தொட்டிலில் கிடந்த குழந்தை அதைக் கேட்டுத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது. அதன் பிறகு அந்த எழுத்து அவளுக்குத் தவறவேயில்லை.

நாலு வருஷம் கழிந்து ஒப்பந்தம் முடிந்த அன்று, “கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பிள்ளையிடம் சொல், அழுதால் எங்களால் முடியாது,” என்றாள் வீட்டுக்காரி. அப்படியே சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

ஊருக்கு வந்த மறுவருஷம் அவளுக்கே ஒரு பெண் பிறந்தது. நூருன்னிஸா நல்லதாக ஒரு பெயர் பார்த்து வைத்திருந்தாள். நஸ்மியா கேட்கவில்லை.

“ரகத்.”

“என்ன பேரு இது? கேள்விப்படாத பேரு. எங்க எடுத்த?”

“குர்ஆன்ல ஈக்கு மதினி.”

பொய்யில்லை. பள்ளிவாசல் மௌலவியும் ஆமென்றார். ஆதம் நபியைச் சுவர்க்கத்தில் தாராளமாகச் சாப்பிடச் சொல்லும் இடத்தில் வரும் சொல், குறைவில்லாத வாழ்வென்று அர்த்தம் என்று விளக்கமும் கொடுத்தார். மௌலவி சொன்ன பிறகு யாருக்கு வாய்? அங்கே ஒரு குழந்தை அந்தப் பெயரால் கூப்பிடப்படுகிறது என்பதை மட்டும் நஸ்மியா சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை வாயால் எழுப்பாமல் ஒரு நாள் போனால் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொள்கிறது என்பதை யாரிடம் சொல்ல முடியும்?

ஊர் அந்தப் பெயரைத் தன் இஷ்டத்துக்கு மென்றது. நூருன்னிஸா ‘ரகத்து’ என்றாள். யஹ்யாவுக்கு அது ‘ராகத்’. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்த டீச்சர் ‘ரஹத்’ என்பார். சிங்களத்தில் அது பற்றெல்லாம் அறுத்து நிர்வாணம் எய்தியவரைச் சொல்வது. “நம்ம வகுப்பில் ஒருத்தி ஏற்கெனவே ரஹத் ஆகிவிட்டாள், அதுதான் வீட்டுப்பாடம் செய்வதில்லை,” என்று அவர் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். தோட்டத்திலிருந்து வந்து டியூஷனில் கூடப்படித்த விதுஷா இதெல்லாம் தன்னால் ஆகாதென்று ‘ரகு’ என்றே கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து சரியாகச் சொன்னவள் உம்மா ஒருத்திதான். அந்த உம்மாவோ ஊரில் இல்லை.

மகளுக்கு ஒன்றரை வயதாயிருக்கும்போது குவைத் வீட்டிலிருந்து போன் வந்தது. பிள்ளை புது வேலைக்காரிகளைக் கிட்ட எடுக்கிறதில்லை, உன்னையே கேட்கிறது, விசா அனுப்புகிறோம், வருகிறாயா? கூரை இன்னும் போட்டு முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு நஸ்மியா போனாள். கூரையும் போட்டாள்தான். ஆனால் அந்தப் போனில் ‘உன்னையே கேட்கிறது’ என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் கூரை இன்னும் சில வருஷம் பொறுத்திருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

பத்து வருஷம் நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போன் எடுப்பாள். அந்தப் பக்கம் நூருன்னிஸா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனைக் காதில் பிடிப்பாள். நஸ்மியா “ரகத்!” என்று கூப்பிடுவாள். கூப்பிட்டதும் குசினிக்கு அந்த ரகத் ஓடிவருவாள், அரபியில் ஏதோ கேட்பாள், பதில் கிடைக்கும்வரை உடுப்பைப் பிடித்து இழுப்பாள்.

“யாரு உம்மா அங்க கத்துற?” என்று ஒரு நாள் மகள் கேட்டாள்.

“இந்த ஊட்டுப் புள்ள.”

“அவட பேரென்ன?”

நஸ்மியா ஒரு நொடி யோசித்தாள். “ஷஹத்,” என்றாள்.

அந்த ரகத் வளர்ந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குசினிப் பக்கம் வருவது நின்றது. ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்த சினேகிதிகள் “இது யார்?” என்று கேட்டபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் “கத்தாமா,” என்றாள். வேலைக்காரி. அதில் பிழையும் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். பிறகும் சில வருஷம் நஸ்மியா அந்த வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது யஹ்யா யட்டவத்தைக்குப் போய்விட்டிருந்தான். மகள் நூருன்னிஸாவின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். அவளை ‘உம்மா’ என்று கூப்பிட முன் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனை போக இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. போனதா, பழகிப்போனதா என்று நஸ்மியாவுக்கு இன்றுவரை தெரியாது.

*

இதற்கிடையில் அந்தப் பெயர் ஊரில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பெண் குழந்தைக்கும் ஒருத்தருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடுகிற ஊர் அது. மௌலவி நல்ல பெயர் என்று சொன்னதை ஒருத்தி ஞாபகம் வைத்துக்கொண்டு தன் மகளுக்கு வைத்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. நஸ்மியா வந்து சேர்ந்தபோது பாலர் பள்ளியில் ரகத் என்று கூப்பிட்டால் மூன்று தலை திரும்பியது. பெரிய ரகத், சின்ன ரகத், கடைக்கார ரகத். ஒருத்தருக்கும் இல்லாத பெயர் எல்லோருக்கும் ஆகிவிட்டது.

அங்கேதான் நஸ்மியாவுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏழாம் நாள் குழந்தைக்குத் தலைமுடி இறக்கிப் பெயர் வைக்கும்போது, அதன் காதில் பெயர் முதலில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் ஆயுசுக்கும் நிற்குமாம். கோணலாக விழுந்தால் கோணல்தான். ஆகவே ரகத் என்று பெயர் வைக்கிற வீட்டாரெல்லாம் நஸ்மியாவைக் கூப்பிட்டார்கள். பெட்டியிலிருந்த ஒரே நல்ல அபாயாவை உடுத்துப் போய், குழந்தையை மடியில் வாங்கி, வலக்காதில் மூன்று தரம் அந்தப் பெயரைச் சொல்வாள். பெண்கள் மூச்சை அடக்கிக் கேட்பார்கள். “அரபிச்சிகூட இப்புடிச் செல்லமாட்டா,” என்பார்கள். புருஷன் கைவிட்டவள், இடியப்பக்காரி என்றெல்லாம் பேசும் வாய்கள் அந்த ஒரு நேரம் மூடியிருக்கும். மூன்று தரம் சொல்லி முடியும்வரை மடியில் கிடப்பது யாருடைய குழந்தை என்பது அவளுக்கு மறந்துபோகும்.

இப்போது ஹுஸ்னியின் பெண்டாட்டி அவிழ்த்துவிட்ட கதை அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்கார ரகத்தின் தாய் தெருவில் கண்டும் காணாதவள் மாதிரி போனாள். இன்னொருத்தி நேரே வந்து, “ராத்தா, எங்கட புள்ளட பேர மாத்தோணுமா?” என்று கேட்டாள். ஸஹ்னாவின் வீட்டிலும் பெயர் அதுதான் என்று பேச்சாகியிருந்தது. கூப்பிடமாட்டார்கள் என்று நஸ்மியா நினைத்திருக்க, ஸஹ்னாவே போன் எடுத்தாள்.

“ராத்தா, நீங்க வாங்க. எனக்கு ஒங்கள நம்பிக்க. ஆனா எங்கட மதினிட வாய் ஒங்களுக்குத் தெரியும்தானே. கேட்டா ஒரு பதில் செல்லிடுங்க. அதோட முடிஞ்சி போகும்.”

*

சனிக்கிழமை பின்னேரம் மகள் வந்தாள். இருபத்தொரு வயது. தம்புள்ளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. விதுஷாவோடு ஓர் அறையில் போர்டிங். வந்ததும் வராததுமாகப் பேச்சு.

“உம்மா, போன கெழம ஒரு மருந்துத் துண்டு வருது, பேரு ரகத். இந்தா முந்தாநாள் இன்னொண்டு, அதுவும் ரகத். என்ட பேரு இப்ப பெனடோல் மாதிரி ஆகிட்டு. ஊட்டுக்கு ஊடு ஒண்டு ஈக்கு.”

நூருன்னிஸா சிரித்தாள். “ஒன்னப் பாத்துத்தானே எல்லாரும் வெச்ச? பெருமதானே?”

“பெருமதான் மாமி. எல்லாம் என்ட கொப்பி. ஒரிஜினல் நான்.”

நஸ்மியாவும் சிரிக்கப் பார்த்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் துணி மடிக்கும்போது, பக்கத்தில் போய் நின்றாள்.

“மகள், ஒரு விஷயம்…”

“என்ன உம்மா?”

“அது… நாளக்கி அந்தப் பச்சச் சால்வயப் போடு. அதான் ஒனக்கு வடிவு.”

நூருன்னிஸா அறைக்கு அப்பாலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாத்தளைக்கு வந்து பஸ் மாறி மூவரும் அலுவிகாரைக்குப் போனார்கள். ஸஹ்னாவின் கணவன் அக்ரமின் வீடு அங்கே. பஸ்ஸில் நூருன்னிஸாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. தாயும் மகளும் பின்னால் ஒரு சீட்டில். இப்போது சொல்லிவிடலாம் என்று நஸ்மியா தொண்டையைச் சரிசெய்தபோது, மகளே வாயைத் திறந்தாள்.

“உம்மா, அந்தக் கத நானும் கேட்டேன்.”

நஸ்மியா மகள் பக்கம் திரும்பினாள்.

“விதுஷாகிட்ட யாரோ சென்னாங்களாம். அவ ரெண்டு நாளா என்கிட்ட செல்லாம முழுங்கிட்டு இருந்தா, பாவம். நான் சிரிச்சேன். எங்க உம்மா அப்புடியாப்பட்ட ஆள் இல்லண்டு சென்னேன். அந்த ஊட்டுப் புள்ளட பேரு ஷஹத், ரகத்தே இல்ல, அதுகூடத் தெரியாம கத கட்டுறாங்கண்டு சென்னேன். சரிதானே?”

மகள் அவளைப் பார்த்தாள். ஒளிவுமறைவில்லாத முகம். பத்து வருஷம் விட்டுப் போனவளுக்காக ஊரோடு சண்டை பிடித்துவிட்டு வந்த முகம். அதைக் கண்ட சந்தோஷத்தில் நஸ்மியாவின் நாக்கு மடங்கிவிட்டது. இன்னொரு பத்து நிமிஷம், இந்த பஸ் போய் நிற்கும்வரை, இந்த முகம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

“சரிதான் மகள்,” என்றாள்.

*

அக்ரமின் வீட்டில் முன்னறை நிறையப் பெண்கள். குழந்தையின் தலை மழித்துச் சந்தனம் பூசியிருந்தது. அதைப் பார்த்ததும் நஸ்மியாவின் கை தானாக நீண்டது. குழந்தையை வைத்திருந்தவள் அக்ரமின் அக்கா நோனா. அவள் கொடுக்கவில்லை.

“நஸ்மியா, கோவிக்க வாணாம். புள்ளட காதுல செல்ல முந்தி ஒரு கேள்வி ஈக்கு.”

“மதினி, இப்ப வாணாமே,” என்றாள் ஸஹ்னா கட்டிலிலிருந்து.

“இப்ப கேக்காம எப்ப கேக்கிற? பேரு வெச்ச பொறகா? நாளக்கி எங்கட புள்ளய ஊராக்கள் விரல் நீட்டிக் கதைச்சா நீ போய் அவங்கட வாய மூடுவியா?”

நூருன்னிஸா முன்னுக்கு வந்தாள். “கேளுங்க. இங்கயே கேட்டு இங்கயே முடிங்க. செல்லு நஸ்மியா.”

நஸ்மியா சுற்றிப் பார்த்தாள். மகள் அறையில் இல்லை. பின்னுக்குக் குசினியில் வட்டிலப்பம் வெட்டி அடுக்க உதவிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். பிறகு வீட்டுக்குப் போய் ஆறுதலாக, வேறு சொற்களில், மகளுக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நிமிஷத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

“அல்லாஹ் அறிய, நான் பெத்தது ஒரு புள்ளதான்,” என்றாள். “அது நான் வேல செஞ்ச ஊட்டுப் புள்ள. அவங்கட உம்மாக்கும் வாப்பாக்கும் பொறந்த புள்ள. ரகத்துதான் பேரு. பொறந்த கெழமயிலிருந்து என்ட கையிலதான் வளந்த. எனக்கு அப்ப புள்ள இல்ல. நாலு வருஷம் அந்தப் பேரச் செல்லிச் செல்லி, இங்க வந்த பொறகு செல்லாம இருக்கேலாமப் போச்சி. அதான், அந்தப் புள்ளட நெனப்புலதான், என்ட புள்ளக்கும் அதே பேர வெச்ச. வேற ஒண்டுமில்ல.”

நோனா பெருமூச்சு விட்டாள்.

“அட, இவ்வளவுதானா! இத அப்பவே செல்லியீந்தா இந்தக் கதயே வந்தீக்காதே. நாங்க என்னமோ ஏதோண்டு பயந்துட்டோம்.”

“முதலாளி ஊட்டுப் புள்ளட பேர வெக்கிறது என்ன புதுசா?” என்றாள் ஒருத்தி.

“நல்ல காலம், முதலாளிட ஒட்டகத்துட பேர வெக்காம உட்டாங்களே!” என்றாள் இன்னொருத்தி.

அறை முழுக்கச் சிரித்தது. நஸ்மியாவும் சிரித்தாள். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியபோது வாசலில் மகள் நின்றாள். கையில் வட்டிலப்பத் தட்டு. எப்போது வந்தாள்? எந்தச் சொல்லிலிருந்து கேட்டாள்? முகத்தைப் பார்த்தால் முதல் சொல்லிலிருந்தே என்றிருந்தது.

அவள் தட்டோடு உள்ளே வந்து ஒவ்வொருவராகக் குனிந்து கொடுத்தாள். “ரகத், ஒன்ட பேருக்கு இப்பதான் ஜாதகம் கெடச்சிச்சி,” என்று யாரோ சொல்ல, அதற்கும் சிரித்தாள். தாய்க்கு முன்னால் வந்ததும் தட்டை நீட்டினாள். நஸ்மியா எடுக்கவில்லை. அவளும் நிற்கவில்லை.

நோனா குழந்தையை நஸ்மியாவின் மடியில் வைத்தாள். பெண்கள் நெருங்கி வந்தார்கள். வேறு வழியில்லை. குனிந்து வலக்காதில் மூன்று தரம் சொன்னாள். எப்போதும்போல அந்த எழுத்து தொண்டையடியிலிருந்து பிசகில்லாமல் வந்தது. “மாஷா அல்லாஹ்,” என்றார்கள். நிமிர்ந்தபோது மகள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பஸ் தரிப்பிடத்தில் நூருன்னிஸா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

“ஷஹத்துண்டு சென்னீங்க,” என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நஸ்மியாவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

“நீ சின்னப் புள்ள. அப்ப வெளங்காதுண்டு…”

“காலையில பஸ்ஸுல நான் சின்னப் புள்ளயா?”

நஸ்மியா பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம போன் எடுத்து ரகத்துண்டு கூப்புடுவீங்களே. யாரக் கூப்புட்டீங்க?”

இன்றைக்கு உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கிறது என்று நஸ்மியா நினைத்திருக்க வேண்டும். “ரெண்டு பேரயும்தான் மகள்,” என்றாள்.

“முந்தி யாரு வந்த?”

“அவ கிட்டத்துல இருந்தா.”

“ம்.” மகள் தலையாட்டினாள். “நான் மாமிட மடியில ஏறி, போனப் புடிச்சி, என்ன உம்மாண்டு கேக்கக்குள்ள, நீங்க அங்க அவளுக்குப் பதில் செல்லி முடிஞ்சீக்கும்.”

“அப்புடி இல்ல மகள். நான் ஒனக்காகத்தான் போன. கூர…”

“கூர சரியாத்தான் ஈக்கு உம்மா. ஒழுகல்ல.” பச்சைச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இந்த ஊர்ல ஈக்கிற ரகத்தெல்லாம் எனக்குப் பொறகு வந்தவங்கண்டு நெனச்சிட்டு இருந்தேன். நானும் கொப்பிதான். அவ்வளவுதான் விஷயம். அவங்களுக்கெல்லாம் சும்மா ஒரு பேரு வெச்சாங்க. எனக்கு நீங்க ஆள் மாத்தி வெச்சீங்க.”

தம்புள்ளை பஸ் வந்தது. கையைக் காட்டினாள்.

“ஒன்ட பேக்கு ஊட்ல ஈக்கே!”

“மாமி அனுப்பிவெப்பாங்க.”

நூருன்னிஸா ஓடிவந்து, “ரகத்து, இரு புள்ள, நாளக்கிப் போ,” என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மகள் ஏறினாள். உம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஊரில் தெரிந்த மனுஷியைக் கண்டால் அசைப்போமே, அந்த அளவுக்கு.

*

அந்தக் கிழமை நஸ்மியாவின் மானம் முழுசாகத் திரும்பி வந்தது. கடைக்கார ரகத்தின் தாய் தெருவைக் கடந்து வந்து கையைப் பிடித்தாள். பெயரை மாற்றக் கேட்டவள், மாற்றவில்லை என்று சொல்லி அனுப்பினாள். குவைத்தில் பெரிய இடத்துப் பிள்ளையின் பெயராம் என்பதால் அதற்கு இன்னும் மவுசு கூடிவிட்டது. உக்குவளையில் ஒரு வீட்டாரும் டவுனில் ஒரு வீட்டாரும் ஏழாம் நாளுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார்கள். தொண்டை சரியில்லை என்று நஸ்மியா பதில் அனுப்பினாள்.

நூருன்னிஸாவுக்கு மகளிடமிருந்து தினமும் போன் வந்தது. சாப்பிட்டீங்களா மாமி, மருந்து போட்டீங்களா மாமி. நூருன்னிஸா ஒரு தடவை போனை நஸ்மியாவிடம் நீட்டினாள். காதில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் வெட்டுப்பட்டது.

புதன்கிழமை நஸ்மியா தானே எடுத்தாள். விதுஷா பேசினாள்.

“ஆன்ட்டிங்களா? ரகு குளிக்கப் போயிருக்குங்க. நல்லாத்தான் இருக்கு, நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க.”

“அவ ஏதாச்சும் சென்னாளா மகள்?”

விதுஷா கொஞ்சம் தயங்கினாள். “கடையில எல்லாரையும் இனிமே ரகுன்னே கூப்பிடச் சொல்லிருச்சுங்க ஆன்ட்டி. அந்தப் பேரச் சொன்னா திரும்பிப் பாக்க மாட்டேங்குது. வெளயாட்டுக்குன்னு நெனச்சோம்… நான் எடுக்கச் சொல்றேங்க.”

எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருவில் ஆண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நூருன்னிஸா மகளின் பேக்கை மடியில் வைத்து, துணிகளுக்கு நடுவே ஒரு போத்தல் மாசிச் சம்பலைச் செருகிக்கொண்டிருந்தாள். நஸ்மியா முன்னறையில் உட்கார்ந்து மகளின் நம்பரை அழுத்தினாள். இந்த நேரம் மருந்துக் கடையில் கூட்டம் இராது. போன் கையில்தான் இருக்கும்.

எடுத்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தாள். தொண்டையிலிருந்து சொன்னால் வைத்துவிடுவாள். ஊராரைப்போல மேலோட்டமாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. அடுப்படியில் தனியே சொல்லிப் பார்த்தாள், வேறு யாருடைய பிள்ளையையோ கூப்பிடுவது போலிருந்தது. ரகு என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. மகள் என்று மட்டும் சொல்லலாம். அதற்கு முதலில் அவள் எடுக்க வேண்டும்.

“எடுத்தாளா?” என்று உள்ளேயிருந்து நூருன்னிஸா கேட்டாள்.

நஸ்மியா கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள். மணி போய்க்கொண்டிருந்தது.